மரத்தைக் காத்த நஞ்சு: பாக் நீரிணைக் கரையிலிருந்து ஒரு வரலாறு

புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடி வட்டத்தில், பாக் நீரிணையின் கரையில் அமைந்த கோட்டைப்பட்டினம், அண்டை ஊரான ஜெகதாப்பட்டினத்தைப் போலவே கடலை நம்பி வாழும் ஊர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவாக்கப்பட்டபோது, உள்நாட்டுச் சமஸ்தானத்தின் பெயரைத் தாங்கிய அந்த மாவட்டத்துக்கு இக்கரையே கடல்வாயிலாக வாய்த்தது. இக்கரையின் மீன்வளம், எல்லைச் சிக்கல், சிறைபிடிப்புகள் ஆகியவை பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். ஆனால் கடலுக்குள் சென்ற கலங்கள் எதனால் ஆனவை, அவற்றை அழியாமல் காக்க மனிதர் எவற்றையெல்லாம் பூசினர், அந்தப் பூச்சுகளும் ஊறல்களும் பின்னர் எங்கே போய்த் தங்கின என்பவை அதிகம் பேசப்படாதவை. மரத்தைக் காக்கும் தொழில் உலகின் பல பகுதிகளில் மண்ணையும் நிலத்தடி நீரையும் நஞ்சாக்கிய தொழிலாக முடிந்தது. அத்தொழிலின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இந்திய ஆய்வுக்கூடம் ஒன்றிலேயே பிறந்தது. ஆகவே இந்த வரலாறு தமிழகக் கடற்கரைக்கு அயலானது அன்று.

கடலில் மிதக்கும் மரத்துக்கு நிலத்திலுள்ள மரத்தைவிடப் பகைவர் அதிகம். கரையில் கறையானும் பூஞ்சையும் உளுவும் மரத்தைத் தின்கின்றன என்றால், உப்புநீரில் அவற்றினும் கொடிய கப்பல்புழு காத்திருக்கிறது. புழுவென்று அழைக்கப்பட்டாலும் அது சிப்பி, மட்டி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி; டெரிடோ, பாங்கியா முதலான பல வகைகள் அதில் உண்டு. கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் பருவத்தில் ஊசிமுனை அளவுள்ள துளை வழியாக மரத்துக்குள் நுழையும் அந்த உயிர், உடலின் முன்முனையில் எஞ்சியுள்ள சிறு ஓடுகளால் மரத்தை அரைத்துக்கொண்டே வளர்கிறது. அரைத்த மரத்தைச் செரிக்க அதன் உடலில் வாழும் பாக்டீரியாக்கள் உதவுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பலகை முழுதாகவே தோன்றும். உளியை வைத்துத் தட்டினால்தான் உள்ளே எதுவும் மிஞ்சவில்லை என்பது தெரியவரும். இதனுடன் பாறைத்துளைப்பான் இனத்து மார்டீசியாவும், இறாலுக்கு உறவான சிறு கணுக்காலிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஆழம் குறைந்தும் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவும் இருக்கும் பாக் நீரிணை, குளிர்நாட்டுக் கடல்களைப் போல இவற்றின் இனப்பெருக்கத்துக்கு நீண்ட இடைவெளி தருவதில்லை.

இப்பகையை எதிர்கொள்ளப் பழைய கரைவாழ் மக்களிடம் இருந்த வழிகளுள் முதன்மையானது மருந்து அன்று, பழக்கம். கட்டுமரத்தைக் கடலிலிருந்து வந்தவுடன் மணலில் ஏற்றி, கட்டவிழ்த்து உலரவிடுவது வழக்கம். நீரில்லாமல் காய்ந்த மரத்துக்குள் கப்பல்புழு நெடுநாள் உயிர்வாழாது. வள்ளம், வத்தை போன்ற பலகைக் கலங்களை அவ்வாறு பிரித்துப் போட இயலாது என்பதால், அவற்றைக் கட்டிய ஓடாவிகள், அதாவது படகுகட்டும் தச்சர்கள், மரத்தேர்விலேயே பாதிக் காவலைச் செய்துவிட்டனர். வேம்பு, இலுப்பை, புன்னை போன்ற எண்ணெய்ச் சத்தும் கசப்பும் உள்ள மரங்கள் கலம் கட்ட விரும்பப்பட்டமைக்கு அவை கரையோர ஊர்களிலேயே கிடைத்தது மட்டும் காரணமாக இருந்திருக்க இயலாது. பலகை இடுக்குகளில் பஞ்சையோ நாரையோ அடித்துச் செருகிக் குங்கிலியம் காய்ச்சி அடைக்கும் கலப்பத்து வேலை ஒரு தனிக் கைத்திறனாகவே நிலைபெற்றது. நீர்மட்டத்துக்கு மேலுள்ள பகுதிக்கு மீனெண்ணெய் அல்லது சுறா எண்ணெயும், நீரில் அமிழும் அடிப்பகுதிக்கு எண்ணெயில் குழைத்த சுண்ணாம்பும் பூசும் முறை இந்தியப் பெருங்கடலின் கரைகள் பலவற்றுக்கும் பொதுவானது. இப்பூச்சுகள் எதுவும் நெடுங்காலம் நிற்பவை அல்ல. சில மாதங்களில் உதிர்ந்து கரைந்து போகும், மீண்டும் பூச வேண்டும். அதைக் குறையென்று கருதுவது எளிது. ஆனால் பூசிய பொருள் கரைந்து சிதைந்து கடலோடும் மண்ணோடும் தீங்கின்றிக் கலந்துவிட்டது என்பதும், எண்ணெயும் சுண்ணாம்பும் பூசிய கரை எதையும் தலைமுறைகள் கழித்துத் தோண்டி அப்புறப்படுத்த வேண்டிய நிலை வந்ததில்லை என்பதும் அதே பண்பின் மறுபக்கம்.

விசைப்படகுகள் வந்தபோது இந்த ஒழுங்கு குலைந்தது. இயந்திரம் பொருத்திய கனத்த மரப்படகை அன்றாடம் மணலில் ஏற்றுவது நடவாத காரியம். பாக் நீரிணைக் கரையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்களும் நாட்டுப்படகுகள் ஏனைய நாட்களும் தொழில் செய்யும் ஏற்பாடு நிலவுவதால், தொழிலுக்குப் போகாத நாட்களிலும் விசைப்படகு வெதுவெதுப்பான நீரில் கட்டுண்டு நிற்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அது முழுமையாகக் கரையேறுகிறது. பலகை மாற்றுவது, கலப்பத்து அடிப்பது, வண்ணம் பூசுவது ஆகிய எல்லா வேலைகளும் அந்த இரண்டு மாதங்களுக்குள் முடிந்தாக வேண்டும். உலர்த்தும் பழக்கம் இவ்வாறு கைவிட்டுப் போன இடத்தில்தான் நெடுங்காலம் நிலைக்கும் மருந்தின் தேவை எழுந்தது.

அத்தகைய மருந்தை உலகம் தேடத் தொடங்கியது கப்பலுக்காக மட்டும் அன்று, இருப்புப்பாதைக்காகவும்தான். 1832இல் இங்கிலாந்தில் ஜான் ஹோவர்ட் கயான் பாதரச உப்புக் கரைசலில் மரத்தை ஊறவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1838இல் ஜான் பெத்தல் உருவாக்கிய முறையே நிலைத்து நின்றது. மூடிய இரும்பு உருளைக்குள் மரத்தை அடுக்கி, முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, பின்னர் அழுத்தத்தோடு மருந்தைச் செலுத்தினால், காற்று வெளியேறிய மரநுண்ணறைகளுக்குள் மருந்து ஆழமாகப் புகுந்துவிடும் என்பதே அதன் தத்துவம். இன்றைய ஆலைகளும் அடிப்படையில் அதையே பின்பற்றுகின்றன. பெத்தல் பயன்படுத்திய மருந்து கிரியோசோட், அதாவது நிலக்கரித் தாரை வாலையிட்டுப் பிரித்தெடுக்கும் கரும்பழுப்பு எண்ணெய். பாச்சை உருண்டைக்கு மணம் தரும் நாப்தலீன் முதல் புற்றுநோய் விளைவிக்கும் பென்சோபைரீன் வரை நூற்றுக்கணக்கான சேர்மங்கள் அதில் கலந்துள்ளன.

தென்னிந்தியாவில் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரையிலான முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் வனத்துறை அமைக்கப்பட்டு, ஹியூ கிளெகார்ன் அதன் முதல் வனப்பாதுகாவலரானார். தண்டவாளங்களைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளுக்காகவும் இயந்திர விறகுக்காகவும் காடுகள் அழிந்த வேகம் அத்துறையின் தொடக்கக் காலக் கவலைகளுள் முன்னின்றது. மருந்தேற்றாத சாதாரண மரக்கட்டை இந்தியக் கறையானுக்கும் மழைக்கும் சில ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்காது என்பதால், ஒரு கட்டையின் ஆயுளைக் கூட்டுவது ஒரு மரத்தை வெட்டாமல் விடுவதற்கு ஒப்பானது. 1906இல் டேராடூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிறுவனம் மரப்பதன ஆய்வைத் தொடக்கம் முதலே மேற்கொண்டதற்கும், 1920களில் பஞ்சாபின் தில்வானில் ஸ்லீப்பர்களுக்குக் கிரியோசோட் ஏற்றும் ஆலை எழுந்ததற்கும், பின்னர் பாலக்காட்டை அடுத்த ஒலவக்கோடு உட்பட வேறு இடங்களிலும் இரயில்வே இத்தகைய ஆலைகளை நடத்தியதற்கும் இந்தக் கணக்கே காரணம். காட்டைக் காக்கும் நல்நோக்கத்தில் பிறந்த தொழில் இது என்பதைப் பதிவு செய்வது நேர்மையாகும். பின்னால் நேர்ந்த தீங்கு அந்நோக்கத்தைப் பொய்யாக்கிவிடாது.

கிரியோசோட் நாறும், கறை படியும், வண்ணம் பூச இடம் தராது, தாரை வாலையிடும் பெருந்தொழில் இல்லாத நாட்டில் விலையும் அதிகம். நீரில் கரையும் உப்புகள் மலிவானவை என்றாலும், மழை பெய்தால் அவை மரத்திலிருந்து கரைந்து வெளியேறிவிடும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் டேராடூன் நிறுவனத்தில் பணியாற்றிய இந்திய அறிவியலாளர் சொந்தி காமேசன். அவர் 1933இல் உருவாக்கிய கலவையில் ஆர்சனிக் ஆக்சைடு ஒரு பங்கு, மயில்துத்தம் எனப்படும் செம்புச் சல்பேட் மூன்று பங்கு, சோடியம் அல்லது பொட்டாசியம் டைகுரோமேட் நான்கு பங்கு என்ற விகிதம் அமைந்தது. செம்பு பூஞ்சையைக் கொல்லும். சித்த மருத்துவர் பாஷாணம் என்று அறிந்த ஆர்சனிக், கறையானையும் செம்புக்கு அடங்காத பூஞ்சைகளையும் கொல்லும். ஆனால் கண்டுபிடிப்பின் உயிர்நாடி டைகுரோமேட்டில் இருந்தது. அதிலுள்ள குரோமியம் மரத்தின் லிக்னினோடும் செல்லுலோசோடும் வினைபுரிந்து, கரையக்கூடிய ஆறிணைதிற நிலையிலிருந்து எளிதில் கரையாத மூவிணைதிற நிலைக்கு மாறும்போது, செம்பையும் ஆர்சனிக்கையும் தன்னோடு மரத்திலேயே பிணைத்துவிடுகிறது. ஆஸ்கு என்று பெயரிடப்பட்ட இம்மருந்துக்கு 1938இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தொலைபேசிக் கம்பங்களில் தொடங்கி, செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளால் சிசிஏ என்ற பெயரில் உலகெங்கும் பரவி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வீட்டு முற்றங்கள், விளையாட்டுத் திடல்கள், பாலங்கள், துறைமுக மேடைகள் ஆகியவற்றின் மரத்தில் பெரும்பகுதி இந்த ஒரே கலவையில் ஊறி வந்தது. குடியேற்ற ஆட்சிக் காலத்து இந்திய ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து இத்தனை பரவலாக உலகின் அன்றாட வாழ்வுக்குள் நுழைந்த வேதிப்பொருள் வேறு உண்டா என்பது ஐயமே. ஆயினும் காமேசனின் பெயரை இந்திய அறிவியல் வரலாற்று நூல்களில் தேடித்தான் காண வேண்டியுள்ளது.

விடுதலைக்குப் பின் கடல் துளைப்பான்கள் பற்றிய ஆய்வு இந்தியக் கரைகளில் விரிந்தபோது, சோழமண்டலக் கரையில் மருந்தேற்றிய கட்டுமரங்கள் மீனவர் கையில் விடப்பட்டுச் சோதிக்கப்பட்டன. 1957இல் கொச்சியில் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், விலைமலிந்த ரப்பர் மரத்துக்கு முதலில் சிசிஏயும் பின்னர் கிரியோசோட்டும் ஏற்றும் இரட்டைப் பதன முறையைத் தோணிகளுக்காக உருவாக்கியது. நல்ல தேக்கும் அயினியும் வாங்க இயலாத சிறு மீனவருக்கு அதனால் கிடைக்கும் பயன் உண்மையானது. அதேவேளை கடலுக்கு வேண்டிய மருந்தின் அளவையும் நோக்க வேண்டும். மண்ணில் நடும் மரத்துக்கு ஒரு கனமீட்டருக்கு 6.4 கிலோ சிசிஏ போதுமென்று கொண்ட அமெரிக்கத் தரநிர்ணயம், கடல்நீரில் நிற்கும் மரத்துக்கு 40 கிலோ வரை கேட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆர்சனிக் ஆக்சைடு.

மரத்துக்குள் பிணைந்த நஞ்சைவிடப் பிணையாமல் போன நஞ்சே மண்ணைக் கெடுத்தது. உருளையிலிருந்து வெளியே இழுக்கப்படும்போது மரம் நனைந்து சொட்டிக்கொண்டிருக்கும். குரோமியம் தன் வேலையை முடித்து உப்புகளைப் பிணைக்க, வெப்பநிலையைப் பொறுத்து, சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். அதுவரை அடுக்கி வைத்த மரத்தின் அடியில் சிமென்ட் தளமும், சொட்டுவதைச் சேர்த்து மீண்டும் தொட்டிக்கு அனுப்பும் வாய்க்காலும், மேலே கூரையும் இருக்க வேண்டும். பழைய ஆலைகளில் பெரும்பாலும் இவை இருந்ததில்லை. மரம் வெறுந்தரையில் அடுக்கப்பட்டது, தொட்டிகள் கசிந்தன, அடியில் தங்கிய சேறு அருகிலிருந்த பள்ளத்தில் கொட்டப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் இவ்வாறு சொட்டியது ஒருநாள் விபத்தைப் போலச் செய்தியாவதில்லை. கிரியோசோட் நீரைவிட அடர்த்தி மிக்கதாகையால் நிலத்தடி நீரையும் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிக் களிமண் படுகையின் மேல் குளம்போல் தேங்கும்; அங்கிருந்து பல பத்தாண்டுகளுக்குச் சிறிது சிறிதாக நீரில் கரைந்துகொண்டே இருக்கும். ஆர்சனிக்கோ தனிமம், அதை எந்த நுண்ணுயிரும் எந்த வெயிலும் எந்தக் காலமும் சிதைக்க இயலாது, இடம் மாற்றவோ கட்டிப்போடவோ மட்டுமே இயலும். களியும் இரும்புச் சத்தும் மிகுந்த மண் அதை ஓரளவு பற்றிக்கொள்ளும்; பாக் நீரிணைக் கரையைப் போன்ற மணற்பாங்கான நிலம் அவ்வளவாகப் பற்றாது. அத்தகைய கரைகளில் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலமே ஊற்றுகளுக்கு ஆதாரம் என்பதால், மருந்தேற்றும் களத்தைக் கடற்கரையில் அமைப்பவர் எவரும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது அந்தப் படலத்தைத்தான்.

கைவிடப்பட்ட மரப்பதன ஆலைகளைத் தூய்மைப்படுத்துவதில் நெடிய அனுபவம் உள்ள நாடு அமெரிக்கா. கைவிட்ட நச்சு நிலங்களைத் துப்புரவாக்க 1980இல் அங்கு இயற்றப்பட்ட, மக்கள் வழக்கில் சூப்பர்ஃபண்ட் எனப்படும் சட்டத்தின்கீழ்ப் பட்டியலிடப்பட்ட இடங்களில் பழைய மரப்பதன ஆலைகள் கணிசமானவை. வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில், ஈகிள் துறைமுகத்தின் முகத்துவாரத்திலேயே அமைந்திருந்த வைக்காஃப் ஆலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1988 வரை துறைமுகத் தூண்களுக்குக் கிரியோசோட் ஏற்றி வந்தது. கடற்கரை ஆலை என்பதால் அதன் கதை இங்கே கூடுதல் பொருத்தமுடையது. ஆலையின் அடியிலிருந்து எண்ணெய் கடற்படுகைக்குள் கசிந்தது. சேற்றில் வாழும் உயிர்கள் பாதிக்கப்பட்டன. அங்கே சிப்பி எடுப்பது தவிர்க்கப்பட வேண்டியதாயிற்று. 1987இல் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்த இடத்தில், 1990களின் முற்பகுதியில் துறைமுகப் படுகையின் மேல் வேறோர் ஆற்றிலிருந்து தூர்வாரிய தூய மணலைப் போர்வையாகப் பரப்பினர். ஆலை நிலத்தைச் சுற்றி எஃகுத் தகடுகளை ஆழமாக அறைந்து சுவர் எழுப்பினர். உள்ளே தேங்கிய நீரை ஓயாமல் இறைத்துச் சுத்திகரித்தனர். உப்புநீர் அந்த எஃகையும் அரித்தது. நீர் இறைப்பதை என்றென்றைக்கும் தொடர வேண்டியிருக்கும் என்பது தெளிவான பின்னர், மண்ணோடு சிமென்ட் கலவையை ஆழத்திலேயே கலந்து இறுகச் செய்து நஞ்சை அங்கேயே சிறைவைக்கும் முறை அண்மைக் காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆலை மூடப்பட்டு ஒரு தலைமுறைக்கு மேல் கடந்த பிறகும் பணி முடியவில்லை.

ஃபுளோரிடா மாநிலத்தின் பென்சகோலாவில் நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. 1942 முதல் 1982 வரை இயங்கிய எஸ்காம்பியா மரப்பதன ஆலை முதலில் கிரியோசோட்டையும் பின்னர் பென்டாகுளோரோஃபீனாலையும் பயன்படுத்தியது; பின்னதன் தயாரிப்பில் மாசாகக் கலந்துவரும் டையாக்சின், மிகச் சிறு அளவிலேயே கொடிய நஞ்சு. ஆலை மூடிய பின், 1990களின் தொடக்கத்தில் அரசு முகமை நச்சுமண்ணைத் தோண்டி எடுத்தது. எங்கே கொண்டுபோவது என்பதை முடிவு செய்யும் முன்பே தோண்டியதால், ஏறத்தாழ 2 லட்சம் கனமீட்டர் மண் பெரும் மேடாகக் குவிக்கப்பட்டு நெகிழித்தாளால் மூடப்பட்டது. சுற்றி வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அந்த மேட்டுக்கு அவர்கள் டையாக்சின் மலை என்று பெயரிட்டு, மண்ணை அகற்றுவதோடு தங்களையும் வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினர். 358 குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. குவித்த மண் இறுதியில் அந்த வளாகத்துக்குள்ளேயே அடியிலும் மேலிலும் காப்புவிரிப்பு இட்ட குழியில் புதைக்கப்பட்டது. துப்புரவு என்ற பெயரில் அவசரப்பட்டுத் தோண்டுவது, தோண்டாமல் விடுவதைவிடப் பெருந்தீங்காக மாறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தமிழகத்தில் மரப்பதன ஆலையின் துப்புரவு இவ்வாறு பொதுவழக்காக எழுந்ததில்லை என்றாலும், அதே நஞ்சுகளின் வேறு வடிவங்களோடு போராடிய இரண்டு இடங்கள் உண்டு. காமேசனின் கலவையில் பாதிப் பங்கு வகித்த டைகுரோமேட்டைத் தோல் பதனிடும் தொழிலுக்காகத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் 1970களின் நடுவிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இயங்கியது. அது மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் குறையாத குரோமியக் கழிவு திறந்தவெளியில் மலைபோல் விடப்பட்டது. மழைக்காலத்தில் அக்கழிவிலிருந்து கரைந்து வழியும் நீரின் மஞ்சள் நிறம் ஆறிணைதிற குரோமியத்தின் நேரடி அடையாளம். மரத்துக்குள் தீங்கற்ற நிலைக்கு மாறும் அதே தனிமம், மாற்றும் பொருள் எதுவுமின்றி மண்ணில் விடப்படும்போது இவ்வாறு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரை நோக்கி இறங்குகிறது. 2006இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பெற்றது. ஆய்வுகளும் தீர்ப்புகளும் திட்டங்களும் வந்த பின்னரும் கழிவு பல்லாண்டுகள் அங்கேயே கிடந்தது. உரிமையாளர் கைவிட்டுப் போன நிலத்தை யார் செலவில் துப்புரவாக்குவது என்ற கேள்விக்கு விடை இல்லாததே அதன் மூலகாரணம்.

கொடைக்கானலில் நஞ்சு, கயானின் கரைசலில் இருந்த அதே பாதரசம்; அங்கே உரிமையாளர் இருந்தார் என்பதே வேறுபாடு. இந்துஸ்தான் லீவர் நிறுவனம் நடத்திய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் மக்கள் வெளிப்படுத்தியதை அடுத்து ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 2016இல் முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. பாம்பார் சோலையை ஒட்டிய அந்த நிலத்தின் மண்ணை எந்த அளவுக்குத் தூய்மையாக்குவது என்பது மட்டும் நீண்ட பூசலாயிற்று. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்ற இலக்கை, குடியிருப்புக்குப் பொருந்துவது என்று ஒரு தரப்பும், சோலைக்காட்டுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் மிகத் தளர்வானது என்று மறுதரப்பும் வாதிட்டன. துப்புரவுப் பணி எங்கு நடந்தாலும் பொறியியலைவிடக் கடினமான பகுதி இதுதான்: எத்தனை மில்லிகிராமை விட்டுவைப்பது என்ற எண்ணுக்குள், அந்த நிலத்தில் இனி யார் வாழலாம், எது வளரலாம் என்ற தீர்மானம் அடங்கியிருக்கிறது. அதை ஆலையின் ஆலோசகர்கள் மட்டும் எடுப்பது முறையாகாது.

சிசிஏயின் பயன்பாடு மேலைநாடுகளில் சுருங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் பிறப்பித்த ஆணை அதைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. அமெரிக்காவில் அதே ஆண்டின் இறுதியோடு குடியிருப்புப் பயன்பாட்டுக்கு அதை ஏற்றுவது நின்றது. இந்திய இரயில்வேயில் மர ஸ்லீப்பரின் இடத்தைக் கான்கிரீட் பிடித்துக்கொண்டது. தமிழகக் கரைகளில், குறிப்பாக 2004 ஆழிப்பேரலைக்குப் பின், பைபர் படகுகள் கட்டுமரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டன. ஆகவே புதிதாக மருந்தேற்றுவதைவிட, ஏற்கெனவே ஏற்றிய மரத்தின் முடிவு என்ன என்பதே இனி முன்னிற்கும் கேள்வி. பாக் நீரிணையின் இழுவைமடி விசைப்படகுகளைக் கைவிட்டு ஆழ்கடல் சூரைப் படகுகளுக்கு மாறும் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய் என்ற மதிப்பில் 2,000 படகுகளை மாற்றுவது அப்போது அதன் இலக்காக இருந்தது. புதுக்கோட்டை மாவட்டமும் அதில் அடங்கும். புதிய படகு பெறுபவர் பழைய படகைத் தொழிலிலிருந்து நீக்க வேண்டும் என்பதால், மரத்தை உடைக்கும் வேலையும் அதனோடு சேர்ந்தே வருகிறது. உடைத்த படகின் பலகை கடற்கரை ஊர்களில் விறகாகவோ வேலிக்கோ கொட்டகைக்கோ போவது இயல்பு. வேம்பும் எண்ணெயும் மட்டும் சேர்ந்த பலகையாயின் அதில் கேடில்லை. ஆனால் ஒரு பலகை சிசிஏயில் ஊறியதா என்பதைக் காலம் கடந்த பின் கண்ணால் அறிவது அரிது, ஏனெனில் புதிதில் தெரியும் பச்சைச் சாயல் வெயிலிலும் உப்பிலும் சாம்பல் நிறமாக மங்கிவிடும். அத்தகைய மரத்தை எரித்தால் ஆர்சனிக்கின் ஒரு பகுதி புகையோடு போகும். எஞ்சியது, மரத்தில் பிணைந்திருந்ததைவிட எளிதில் நீரில் கரையும் வடிவில் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலால் பாத்திரம் துலக்குவதும் தென்னைக்கு இடுவதும் நடக்கக்கூடியவை என்பதால், படகு கட்டும்போது எந்த மருந்து எப்போது ஏற்றப்பட்டது என்ற குறிப்பைப் பதிவுச் சான்றோடு சேர்த்து வைப்பது சிறு செலவில் பெருங்கேட்டைத் தவிர்க்கும் ஏற்பாடு.

ஆர்சனிக் படிந்த மண்ணைத் தூய்மைப்படுத்தும் முறைகளுள் எளியது ஒரு செடியிடமிருந்து வந்தது, அதுவும் ஒரு பழைய மரப்பதனக் களத்திலிருந்தே. ஃபுளோரிடாவின் நடுப்பகுதியில், சிசிஏ சிந்திக் கெட்டுப்போன கைவிடப்பட்ட இடமொன்றில் எந்தச் செடி வளர்கிறது என்று தேடிய லீனா மாவும் உடன் ஆய்வாளரும், டெரிஸ் விட்டேட்டா என்னும் பெரணி அங்கே செழித்து நிற்பதையும், அது மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சி இலைகளில் சேர்த்துவைப்பதையும் கண்டு 2001இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். ஆர்சனிக் மிகுதியாகச் சேர்த்த மண்ணில் ஆறு வாரம் வளர்த்தபோது அதன் இலைகளின் உலர்எடையில் 2.3 விழுக்காடு வரை ஆர்சனிக்காக இருந்தது. இந்தப் பெரணி தென்னிந்தியாவுக்கும் உரியது. சுண்ணச்சாந்து பூசிய பழைய சுவர்களின் வெடிப்புகளிலும் கிணற்று உறைகளிலும் அது தானாக முளைத்து நிற்கிறது. ஆயினும் அதன் வேர் செல்லும் ஆழம் குறைவு, ஒரு நிலத்தைச் சீராக்க அதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். அறுத்தெடுத்த இலைகளும் நச்சுக்கழிவாகவே கருதப்பட்டு, கும்மிடிப்பூண்டியில் உள்ளதைப் போன்ற காப்பிட்ட கழிவுக்களத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆர்சனிக் அழிவதில்லை, கண்காணிக்கப்படாத இடத்திலிருந்து கண்காணிக்கப்படும் இடத்துக்கு மாறுகிறது; அவ்வளவுதான் எனினும் அந்த மாற்றமே மக்களின் குடிநீரைக் காக்கிறது.

2025 ஜூலையில் ஒன்றிய அரசு, 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், மாசடைந்த நிலங்களை மேலாள்வதற்கெனத் தனி விதிகளை முதன்முறையாக அறிவித்தது. ஐயத்துக்குரிய இடங்களை உள்ளூர் அமைப்புகளும் மாவட்ட நிர்வாகமும் கண்டறிந்து தெரிவிப்பது, அவற்றை ஆய்ந்து உறுதி செய்வது, மாசுபடுத்தியவரைக் கண்டு செலவை வசூலிப்பது, அவர் இல்லாதபோது பொதுநிதியிலிருந்து செய்வது என்ற வரிசையை அவ்விதிகள் வகுக்கின்றன. ராணிப்பேட்டை நெடுங்காலம் காத்திருந்தது இத்தகைய வரிசை ஒன்றுக்காகத்தான். மரத்துக்கு மருந்தேற்றும் களங்கள் பேரளவு ஆலைகளைப் போலக் கண்ணில் படுபவை அல்ல. மரவாடியின் பின்புறத் தொட்டியாகவோ, இரயில்வேயின் பழைய கிடங்காகவோ, படகுக்கூடத்தின் ஒரு மூலையாகவோ அவை இருந்திருக்கும், மூடிய பின் அங்கே வீடோ பள்ளியோ எழுந்திருக்கும். அவற்றைக் கண்டறிய வரைபடத்தைவிட அங்கே வேலை செய்தவர்களின் நினைவு கூடுதலாக உதவும். எந்தத் தொட்டியில் எந்த மருந்து இருந்தது, சேறு எந்தப் பள்ளத்தில் கொட்டப்பட்டது என்று சொல்லக்கூடிய தச்சரும் ஓடாவியும் கூலித் தொழிலாளரும் முதுமையில் உள்ளனர். கிராம ஊராட்சிகள் இக்கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டியது அவர்களிடமிருந்துதான்.